ஜெபகுமாரின் ஓவர்ப்ளஸ்

வெட்டி மீந்த துணியைச் சுருட்டி, அதன் ஓரத்தாலேயே முடிச்சிட்டு, தைத்த ரவிக்கையின்மேல் வைத்து நீட்டுகிறார் ஜெபகுமார். "உங்க ஓவர்ப்ளஸ். மறக்காம எடுத்துக்குங்க."

சேலையூர் கேம்ப் ரோட்டில், பேருந்துகளின் உறுமலுக்கும் மருந்துக் கடைக்கும் இடையே ஒடுங்கிய தையற்கடை அவருடையது. சிறுவயதில் தேவாலயத்து ஆங்கில ஆராதனையில் கேட்டுப் பிடித்துக்கொண்ட சொல் இந்த ‘ஓவர்ப்ளஸ்’. தேவைக்கு மேல் எஞ்சியது என்று பொருள். ஆங்கிலம் பேசுவோரே அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டனர்; இவர் விடவில்லை. தம்ளரின் விளிம்பில் வழியும் தேநீரும், ஐப்பசி மழையும், மனைவி ஜாஸ்மினின் கோபமும் அவருக்கு ஓவர்ப்ளஸ்தான்.

"எக்ஸ்ட்ரா என்றால் ஆகாதா?" என்று, ரவிக்கை வாங்கப் போன நான் ஒருமுறை கேட்டேன்.

"எக்ஸ்ட்ரா நாம கேட்டு வாங்கறதும்மா. ஓவர்ப்ளஸ் தானா மிஞ்சறது. அது யாருதோ அவங்களுக்கே போவணும்."

எடுக்க மறந்து போனவர்களின் முடிச்சுகள் ஆணிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். "இன்னாங்க, இது கடையா, குருவிக்கூடா? குப்பை வண்டி வரட்டும், தூக்கிப் போட்டுடறேன்" என்று ஜாஸ்மின் மிரட்டுவார். சென்ற வாரம் எல்லாவற்றையும் மூட்டையாகவே கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

அன்று மாலைதான் சரிதா மூச்சிரைக்க வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. மறுநாள் வளைகாப்பு. கல்யாணப் புடவையையே உடுத்த ஆசை, ரவிக்கையோ இறுக்கமாகிவிட்டது. ஜெபகுமார் உள்மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். அதுவும் போதவில்லை.

"புடவையோட வந்த துணிண்ணா. இந்தக் கலர் எங்க தேடியும் கிடைக்கல." அவள் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தின்போது மீந்த துணியை வாங்க மறுத்து, "நீங்களே தலவாணிக்குள்ள அடைச்சுக்குங்கண்ணா" என்று சிரித்துவிட்டுப் போனவள் அவள்.

ஜெபகுமார் வாசலுக்கு ஓடி, மூட்டையைத் தூக்கி வந்து தரையில் கொட்டினார். ஜாஸ்மினும் உட்கார்ந்து துழாவினார். மயில் கழுத்து நிற முடிச்சு அகப்பட்டது ஜாஸ்மினின் கையில்தான்.

"இந்தாங்க, உங்க குப்பை" என்று கணவரின் மடியில் எறிந்தார். முகத்தில் கோபம் இல்லை.

இரு பக்கமும் பட்டை வைத்துத் தைத்தார் ஜெபகுமார். திரைக்குப் பின்னால் சென்று போட்டுப் பார்த்த சரிதா, "கை நல்லா தூக்க முடியுதுண்ணா!" என்று அங்கிருந்தே கூவினாள்.

மேசையில் விரல் அகலத்திற்குத் துணி எஞ்சியிருந்தது. எதற்கும் உதவாத அளவு. அவள் ரவிக்கையை மடித்துக்கொண்டு புறப்படும்போது, ஜெபகுமார் அதையும் சுருட்டி, முடிச்சிட்டு, இரு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.