மத்தவங்க மூன்று

மரியதாஸ் றோலண்ட், பிறப்பு: 1966 ஜூன் 4, கொட்டகலை. தேயிலைத் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பொதிகளுக்குக் குறி எழுதியவர். பெயர் எழுதாத பொதி காணாமற்போகும் என்பது அங்கே அவர் கற்ற வேதம். ஓய்வு பெற்றபின் அதை மனித முகங்களுக்கும் பிரயோகித்தார்.

கொட்டகலைக் கடைத்தெருவில் மருந்துக்கடை மாடியில் ஒரு கணினியுடன் அமர்ந்தார். படம் எடுப்பது அவர் தொழிலன்று. பிறர் எடுத்த படங்களை அச்சுக்கு ஏற்பச் செப்பனிட்டு, பென்டிரைவில் இட்டு, பஸ் கண்டக்டர் கையில் நுவரெலியா கலர் லேப்புக்கு அனுப்புவார். வட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்கமாட்டார். அது வழியிலேயே இளைத்துவிடும் என்பார். நாலுக்கு ஆறு அளவில் வெட்டும்போது, ஓரத்தில் நிற்பவரின் காதுக்கு அப்பால் சிறிது இடம் விடுவார். லேப் இயந்திரம் ஓரத்தைச் சற்றுத் தின்னும். திரையில் பளிச்சிடுவது தாளில் மங்கும் என்பதால் அளவோடு வெளிச்சம் கூட்டுவார். இன்னும் வெள்ளையாக்கக் கேட்பவர்களிடம், "செவுத்துக்கு அடிக்கிற வேலைன்னா பெயின்ட் கடைக்குப் போங்க" என்பார்.

இறுதி வேலை, கோப்புக்குப் பெயரிடுதல். விருந்தினர் எவராயினும் கண்ணிற் பட்டதே பெயர்: முறைக்கிற மாமி, தூங்குற சித்தப்பா. லேப் கணினியில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகத் தெரியும் என்ற முன்யோசனையால், அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுவார். அச்சானபின் அப்பெயர்களை எவரும் காணப்போவதில்லை என்பது அவர் நம்பிக்கை.

2024 ஓகஸ்டில் அவருடைய ஒரே மகள் ஷாமிலாவுக்கும் வட்டகொடையைச் சேர்ந்த மிலானுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. இரண்டு சம்பந்தங்கள் கைநழுவியபின் அமைந்த இடம். அன்றைய தொண்ணூறு படங்களையும் தம் அன்பளிப்பாக அச்சிடுவித்தார். அதே மாதம் லேப் ஒரு புதிய இயந்திரத்தை வாங்கியிருந்தது. அது ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் கோப்பின் பெயரைப் பொடி எழுத்தில் அச்சிடும்; லேப் அதை ஒரு சேவையாகவே கருதியது. றோலண்ட் தொண்ணூறு முன்புறங்களையும் சரிபார்த்தார். பின்புறத்தைப் பார்ப்பது அவருடைய ஒழுங்கில் இல்லை.

அடுத்த ஞாயிறு, மிலானின் தாயார் இராசம்மாவின் வீட்டில் உறவினர் கூடியிருக்க, றோலண்ட் தம்பதியினர் கொண்டுவந்த படங்கள் கைமாறின.

"அம்மா, பின்னாடி ஏதோ அடிச்சிருக்கு. மு... முறைக்கிற மாமி, நாலு" என்றான் மிலான்.

"யாருடா அது?"

மிலான் படத்தைத் திருப்பிக் காட்டினான். அது இராசம்மாதான்.

றோலண்டின் மனைவி யூஜினா புறப்படுவதற்குக் கைப்பையைத் தேடினார். "சம்பந்தியம்மா, அது வந்து... லேப்காரங்க..." என்று தொடங்கினார் றோலண்ட்.

"நான் முறைக்கிறது லேப்காரனுக்கு எப்படிங்க தெரியும்?" என்ற இராசம்மா, மகனிடம் திரும்பினார். "நாலுன்னா மிச்சம் மூணு எங்கடா? தேடு."

எல்லாரும் தேடினர். தூங்குற சித்தப்பா அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு தட்டு அத்தையா? ஒண்ணு புள்ளைக்குங்க!" என்று ஓர் அம்மையார் பதறினார். தம் பெயரால் புண்பட்ட ஒவ்வொருவரும் அடுத்தவர் பெயரால் ஆறுதலடைந்தனர்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மிலானின் பெரியப்பா அழகுமுத்து. தோட்டத்தில் இருபது ஆண்டுகளாகத் தொழிற்சங்கத் தலைவர். தம் படத்தின் பின்புறத்தை இருமுறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்தவங்க மூணுன்னு போட்டிருக்கு. மத்தவங்கன்னா யாருங்க?"

"அது... பொதுவா நிக்கிறவங்க, ஐயா."

"பொதுவா நிக்கிறவனா நானு? தோட்டத்துத் தொரையே எந்திரிச்சு நின்னு பேசுவாரு எங்கிட்ட! தூங்குறவனுக்குப் பேரு இருக்கு, சோத்த அள்ளுறவளுக்குப் பேரு இருக்கு, எனக்கு நம்பரா? நான் யாருன்னே தெரியாத வீட்டுல எங்களுக்குப் பொண்ணு வேணாம். மோதிரத்தத் திருப்பி எடுத்துக்கங்க."

"கெட்ட பேரா இருந்தாலும் ஒண்ணு வச்சிருக்கலாமே, சம்பந்தி" என்று இராசம்மா முணுமுணுத்தார்.

றோலண்ட் மறுநாளே கோப்பைத் திறந்து, 'தோட்டத் தலைவர் பெரியப்பா அழகுமுத்து ஐயா' என்று பெயர் மாற்றி அனுப்பினார். ஆனால் நீண்ட பெயரை இயந்திரம் இடையில் வெட்டும். ஆங்கில எழுத்தில் 'பெ'யும் 'பே'யும் ஒன்றுதான் என்பதால், வந்த படத்தின் பின்புறம் 'தோட்டத் தலைவர் பே' என்று பேயை நினைவூட்டி நின்றது. அதைத் தம் கையாலேயே கிழித்து அடுப்பில் இட்டார். பெயரைச் சுருக்கி மீண்டும் அச்சிடுவித்து, ரயிலில் வட்டகொடைக்குச் சென்று நேரில் கொடுத்தார். அழகுமுத்து முன்புறத்தைப் பார்க்கவேயில்லை. பின்புறத்தில் 'தலைவர் ஐயா 1' என்பதை வாய்விட்டுப் படித்தார். பின்னர் கல்யாணத் தேதியைக் குறிக்கச் சொன்னார்.

திருமணம் 2025 ஜனவரி 25 ஆம் திகதி நடைபெற்றது. நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் தேறின. றோலண்ட் இம்முறை எவர் முகத்தையும் ஆராயவில்லை. எல்லாக் கோப்புகளுக்கும் அந்த ஒரே பெயரை வரிசை எண்ணுடன் இட்டார். தாயின் தோளில் சாய்ந்து அழும் மணமகள், தலைவர் ஐயா 57. கேக், தலைவர் ஐயா 203. பென்டிரைவைக் கண்டக்டரிடம் அவர் ஒப்படைத்தது 2025 பெப்ரவரி 3 ஆம் திகதி, திங்கட்கிழமை.