இரண்டு தடவையும் ஏழு

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் அக்கா ஒருத்திதான். பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், மீனாட்சிபுரத்தை ஒட்டி எங்கள் தோட்டம். எழுபதுகளில் அங்கிருந்து ஒரு பெண் பஸ் ஏறி பிரீடிகிரி படிக்கப் போனதே ஊருக்குப் பெரிய பேச்சாக இருந்தது. அவளுக்குக் கணக்கென்றால் உயிர். படித்ததை யாருக்காவது சொல்லிக் கொடுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அகப்பட்டவர்கள் அண்ணனும் நானும்.

அப்போது அவளுக்கு ஃபங்ஷன் எனப்படும் ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பை வைக்கிற பாடம் நடந்துகொண்டிருந்தது. அண்ணனை எஃப் என்கிற சார்பாக்கினாள். அவன் காதில் எந்த எண் விழுந்தாலும் அதை அதனாலேயே பெருக்க வேண்டும். ஒன்பது வயதுச் சிறுமியான நான் ஜி. மூன்றைக் கூட்டினால் போதும். முதலில் நிற்பவர் காதில் அக்கா எண்ணைச் சொல்வாள். அவர் தன் வேலையைச் செய்து, வந்த விடையை அடுத்தவர் காதில் போட வேண்டும். இரண்டைக் கொடுத்தால், அண்ணன் முந்தினால் ஏழு வரும். நான் முந்தினால் இருபத்தைந்து. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பத்து நாள் இப்படி விளையாடினோம். ஒரு நாளும் பிசகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா, அம்மாவின் தம்பி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார். அக்கா டிகிரி முடித்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அப்பாவுக்கு அது வீண் பிடிவாதமாகப் பட்டது.

"கண்ணாலத்த முடிச்சுட்டுப் படி அம்மிணி. அவங்களே படிக்க வெக்கறோங்கறாங்க. ரெண்டும் நடக்கப் போகுதல்லோ, எது முந்துனா என்ன?"

மறுநாள் சாயங்காலம் அப்பாவும் மாமாவும் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அக்கா எங்கள் இருவரையும் கூட்டிவந்து நிறுத்தினாள். "ஒரு கணக்கு பாருங்கப்பா. அதே ரெண்டு வேலதானுங்க. முந்திப் பிந்தி மாத்துனா என்ன ஆகுதுன்னு பாருங்க," என்றாள்.

முதலில் அண்ணன் காதில் இரண்டு என்றாள். அவன் என் காதில் நாலு என்றான். நான் சத்தமாக ஏழு என்றேன். மாமா தலையாட்டினார்.

அடுத்து அக்கா என் காதில் இரண்டு என்றாள். நான் ஐந்தாக்கி அண்ணனிடம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அண்ணன் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு இலை. அவன் குளித்த பிறகுதான் எனக்கு வெந்நீர். அப்பாவின் கண்ணெதிரே நான் அவனை முந்தியதே கிடையாது. நான் அந்த இரண்டை அப்படியே அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதை நாலாக்கி என்னிடமே திருப்பினான். நான் மறுபடியும் ஏழு என்றேன், முன்பைவிடச் சத்தமாக.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தயா அம்மிணி, எப்படிப் போட்டாலும் ஏழுதான்." மாமா மடியிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார்.

"இன்னொருக்கா பாருங்கப்பா," என்றாள் அக்கா. அதற்குள் அவர்கள் முகூர்த்தநாள் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டியடியில் அவள் என்னைப் பிடித்தாள். "ஏம்புள்ள, நீ கூட்டலியா?"

"கூட்டுனனே. அண்ணன் பெருக்குனதுக்கப்பறம் கூட்டுனேன்."

"உன்னயத்தான முந்திச் செய்யச் சொன்னேன்?"

"அப்பா பாத்துட்டு இருந்தாங்கல்லக்கா."

அவள் என் கையை விட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அப்போதே ஏதாவது புரிந்திருக்கும்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அவர்கள் நல்ல மனிதர்கள்தான். அவளுடைய புத்தகங்களைச் சீர்ப் பாத்திரங்களோடு பத்திரமாகக் கொண்டுபோய் மேலே அட்டாலிப் பரணில் ஏற்றி வைத்தார்கள். அடுத்த வருஷம் படிக்கலாம் என்றார்கள். அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள்.

அன்றைக்குத் தொட்டியடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவின் முகம் வாடியிருந்தது என்பதுதான். அதனால் மிட்டாயை உடைத்துப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கித் தின்றாள். கணக்கைச் சரியாகச் சொன்னதற்குக் கிடைத்த மிட்டாய் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.