வெயிலுக்கு மூடிய ஜன்னல்

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் ரகுநாதனையே கேட்கலாம். ஆனால் உச்சிவெயில் நேரத்தில் கேட்காதீர்கள், மனிதர் வாய் திறக்க மாட்டார். பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது போன மே மாதம் ஹைதராபாத் மல்லாபூரில், பட்டப்பகலில், நாற்பத்துமூன்று டிகிரி வெயிலில் நடந்தது.

ரகுநாதன் ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் பெட்டிகளுக்கு சீட் தைத்தவர். ஓய்வு பெற்றதும் மல்லாபூரில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலை வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் சினிமா கேரவன்களை நிறுத்திவைக்கும் இடம் அது. கூரை கிடையாது. ஒரு மாத வெயில் கண்ணாடி வழியாக உள்ளே விழுந்தால் போதும், திரைச்சீலை வெளுத்துவிடும், சீட் ரெக்ஸின் வெடித்துவிடும், பலகை உரிந்து வந்துவிடும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஜன்னல்களுக்கு உள்பக்கம் சில்வர் ஷீட் ஒட்டுவார். சீட்டுக்குப் பழைய போர்வை போடுவார். சூடு வெளியேற மேல்மூடியை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பார். கடைசியில், பூட்டுவதற்கு முன், வண்டியின் கோடி வரை நடந்து ஒவ்வொரு சீட்டையும் கையால் தட்டி, "யாரும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். ரயில் பெட்டிகளைப் பூட்டிப் பூட்டி வந்த பழக்கம். காலி வண்டியில் யார் பதில் சொல்வார்கள் என்று, தினமும் சாப்பாடு கொண்டுவரும் மனைவி செல்லம்மா கேலி செய்வாள்.

மே ஒன்பதாம் தேதி ஒரு வெள்ளை கேரவன் வந்தது. அரக்குச் சிவப்பு சீட்டுகள், ஆறு ஜன்னல்கள். டிரைவர் புருஷோத்தமன் சாவியைக் கொடுத்தான். வழக்கமாக டீ குடித்துவிட்டு ஊர்வம்பு பேசுகிறவன், அன்று நிற்கவே இல்லை.

மறுநாள் பகல் 12.40. மூன்றாவது ஜன்னலில் ஷீட் இல்லை.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி அவர் இடுப்பில். திறந்து பார்த்தார். ஷீட் நாலாக மடிக்கப்பட்டு மேஜைமேல் இருந்தது. ஒட்டியிருந்த டேப் துண்டுகள் மேஜை விளிம்பில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. வெயிலில் டேப் இளகும், சரி. இளகிய டேப் ஷீட்டை மடித்து வைக்குமா?

மறுபடி ஒட்டினார். மறுநாளும் அதே நேரம், அதே ஜன்னல். ஒரு வாரம் விடாமல் நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிழவனுக்கு மண்டை காய்ந்துவிட்டது என்பார்கள்.

எட்டாம் நாள் சீட்டைக் கவனித்தார். போட்ட போர்வை தரையில் கிடந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் ரெக்ஸின் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. நடுவில் மட்டும் சிவப்பு அப்படியே இருந்தது. ஒரு முதுகு... இரண்டு தோள்... ஜன்னல் பக்கம் சாய்ந்த ஒரு தலை.

தொட்டுப் பார்த்தார். ஈரம். விரலில் வெள்ளையாக ஒட்டியது. உப்பு.

பின்னால், வண்டிக் கோடியிலிருந்த ஒப்பனை அறையின் மூடிய கதவுக்கு உள்ளிருந்து...

டொக்... டொக்... டொக்.

அவர் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதன்பிறகு அவர் அந்த வண்டிக்குள் கால் வைக்கவில்லை. செல்லம்மாவிடம் சொன்னார். அவள் சிரித்தாள்.

"சிரிக்காத. நக்கோ, வேணாம் செல்லம்மா, அந்த வண்டிப் பக்கம் போவவே நக்கோ."

மே பத்தொன்பது. வண்டி முழுவதையும் தார்ப்பாயால் மூடிவிடுவது என்று முடிவு செய்தார். அதன்பின் எந்த ஷீட் விழுந்தால் என்ன, வெயில் உள்ளே வராது. கொதிக்கும் வண்டி கொஞ்சம் ஆறட்டும் என்று கதவை மட்டும் திறந்து விட்டுவிட்டு, பின்கட்டு கோடவுனுக்குத் தார்ப்பாய் எடுக்கப் போனார்.

அந்த நேரத்தில் செல்லம்மா உள்ளே ஏறினாள். முப்பத்திரண்டு வருஷம் சீட் தைத்தவருக்கு ஒரு சீட்டால் கெட்ட பெயர் வரக்கூடாதே என்றுதான், போர்வையை உதறி விரித்துவிட்டு வரலாம் என்று ஏறினாள். சொன்னால் விடமாட்டார் என்று சொல்லவில்லை. உள்ளே கொதித்த சூட்டில் தலை சுற்றி, அந்தச் சீட்டிலேயே சாய்ந்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது மணி 12.25. கேட்டருகே சாப்பாட்டுப் பை இருந்தது. வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தார். வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினார். பூட்டினார். கோடி வரை நடக்கவில்லை. சீட்டைத் தட்டவில்லை. கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். மேல்மூடியும் மறைந்தது.

12.40.

டொக்... டொக்... டொக்.

காதைப் பொத்திக்கொண்டு கேட்டுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கேயும் கேட்டது. "போயிரு... போயிரு..." என்று முணுமுணுத்தார்.

12.52. சத்தம் நின்றது.

அப்பாடா என்றிருந்தது.

சாப்பாட்டுப் பையை எடுத்தார். அடியில், தரைச் சூடு ஏறாமலிருக்கக் கழற்றி வைத்த செல்லம்மாவின் செருப்பு.

நிமிர்ந்தார்.

காற்றே இல்லை. ஆனால் தார்ப்பாய் சரிந்துகொண்டிருந்தது. முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது... ஒன்று... இரண்டு...

மூன்றாவது ஜன்னல். ஷீட் இல்லை.

கண்ணாடியில் செல்லம்மாவின் முகம். கண் மூடியிருந்தது. வாய் தொங்கியது.

தலை மட்டும் நிமிர்ந்து நின்றது.

தாடைக்குக் கீழே... ஒரு கை. அவருக்குக் காட்டுவதுபோல் தூக்கிப் பிடித்திருந்தது.

ஓடினார். சாவி நழுவியது. எடுத்தார். திறந்தார்.

தரையில் செல்லம்மா மட்டும் கிடந்தாள். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்கு நினைவு தெளிந்தது. கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி இது: "அந்தப் பொண்ண எறக்குனீங்களா? அதுக்கும் மூச்சு முட்டுச்சே."

அந்த வாரக் கடைசியில் வண்டியை எடுக்கப் புருஷோத்தமன் வந்தான். ரகுநாதன் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு, விஷயத்தைச் சொன்னால்தான் தருவேன் என்றார். அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். முந்தின கோடையில், வேறொரு இடத்தில், தலை அலங்காரம் செய்கிற ஒரு பெண் களைத்துப்போய் அந்த வண்டியிலேயே தூங்கியிருக்கிறாள். பார்க்காமல் பூட்டிவிட்டார்கள். வெயிலுக்கு எல்லா ஜன்னலையும் மூடியிருந்ததால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. மறுநாள்தான் திறந்தார்கள்.

"தட்டலையா?" என்று கேட்டார் ரகுநாதன்.

"தட்டிச்சுண்ணே. நாங்க மூணு பேர் பக்கத்து நெழல்ல ஒக்காந்து சாப்புட்டுட்டு இருந்தோம். வெயில்ல தகரம் விரியற சத்தம்னு பேசிக்கிட்டோம். கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. எழுந்து போயிட்டோம்."

அவனை ஓங்கி அறைய வேண்டும் என்றுதான் ரகுநாதனுக்கு வந்தது. கை எழவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார்.

நான் தட்டினது கேக்கலையா என்று செல்லம்மா பிறகு ஒருநாள் கேட்டாள். கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.