பதினோரு வினாடி இருட்டு

இது கதை இல்லை. கதை எழுத என்னிடம் வேறு நோட்டு இருக்கிறது. நடந்ததை எழுதும் நோட்டில், அன்றன்றே மணி பார்த்து எழுதி வைத்ததைத்தான் இங்கே படியெடுக்கிறேன். அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

1988. மலேசியாவின் கிள்ளான் நகரில் மூன்றாவது மாடி, ஒன்பதாம் எண் வீடு. எனக்குப் பதினைந்து வயது. படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுந்து வாசி என்று டீச்சர் சொன்னால் எனக்குக் குரல் வராது. வகுப்பே சிரிக்கும். ஒரு திங்கட்கிழமை போகவில்லை. பிறகு போகவே இல்லை. அப்பா உயிரோடு இல்லை. அம்மா டொரத்திக்கு ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமையும் ஓவர்டைம். காலை 5.45க்கு பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார். அதுவரை நான், பிரம்பு சோபா, கிரீச்சிடும் மின்விசிறி. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முடிந்த நாட்கள் நிறைய. நோட்டில் அந்த நாட்களுக்கான பக்கத்தின் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன்.

"துணைக்கு இருக்கட்டும்" என்று அம்மா பழைய வீடியோ மிஷின் ஒன்றை வாங்கி வந்தார்.

அந்தப் படத்தை நான் இரும்புப் பருந்து என்று சொல்வேன். ஜப்பான்காரர்கள் வரைந்த சண்டைப் படம். பத்து மாடி உயரத்துக்கு ஓர் இயந்திரப் பருந்து. அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்து ஓட்டுவது ஒரு பெண்பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவோடு தியேட்டரில் பார்த்தேன். அம்மா தூங்கிவிட்டார். விளக்குப் போட்டதும், "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார், அவ்வளவுதான். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. யாரிடம் சொல்வது?

மார்ச் மாதம் அது வீடியோவாக வந்தது. எங்கள் கீழ்த்தளக் கடைவரிசையில் புஷ்பவல்லி அக்காவின் வீடியோ கடை. என்னோடு பேசும் ஒரே வெளியாள் அவர்தான். பதிலை எதிர்பார்க்க மாட்டார்.

"இந்தக் கார்ட்டூன யாரு எடுக்கப் போறாங்கன்னு பாத்தேன். நீ இருக்கியே. மெம்பர் நம்பர் 214. ரீவைண்ட் பண்ணிக் குடு லா, இல்லேன்னா ஃபைன். உனக்கு ஃபைன் போட்டா சண்டைகூடப் போட மாட்ட, எனக்குத்தான் போரடிக்கும்."

ரசிகையாகச் சொல்கிறேன், டேப் தியேட்டருக்கு ஈடில்லை. தியேட்டரில் பருந்து இறக்கையை விரித்தால் நாற்காலி அதிரும். டிவியில் தகர டப்பா உருளும் சத்தம்தான். படத்தின் இரண்டு ஓரத்தையும் வேறு வெட்டியிருந்தார்கள். ஓட்டுகிறவளுக்குப் பக்கத்தில் ஒரு காலி இருக்கை உண்டு. செத்துப்போன தோழியின் இருக்கை. டேப்பில் அது தெரியாது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது மட்டும் தெரியும்.

ஆனால் தியேட்டரில் இல்லாத ஒரு காட்சி டேப்பில் இருந்தது. கடைசிச் சண்டைக்கு முன் அவள் விளக்கை அணைத்துவிட்டு ஒன்று, இரண்டு என்று ஆங்கிலத்தில் எண்ணுவாள். பதினொன்றில் விளக்கு எரியும். அந்தப் பதினோரு வினாடியும் திரை முழுக்கக் கறுப்பு. டிவிக் கண்ணாடியில் என் முகம் தெரியும். பருந்துக்குள் நானே இருப்பதுபோல. அதற்காகவே வாராவாரம் எடுத்தேன். சனிக்கிழமை பார்த்து, ரீவைண்ட் செய்து, பெட்டியில் போட்டு டிவி மேல் வைப்பேன். திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பேன்.

மார்ச் 12, சனி, மாலை 3.40. டேப்பைப் போட்டேன். படம் தொடக்கத்திலிருந்து வரவில்லை. நடுவில் இருந்து ஓடியது. சில வினாடிகளில் அவள் கை விளக்கை நோக்கிப் போனது.

இருட்டுக் காட்சி.

வேறு யாரோ இதை எடுத்துப் பார்த்து, சரியாக இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த வாரமும் அதே இடம். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. ஊரில் எங்கோ ஒருத்திக்கு நான் விரும்பும் அதே பதினோரு வினாடி பிடித்திருக்கிறது.

சின்னத் தாளில் எழுதி டேப் பெட்டிக்குள் வைத்தேன். 'உனக்கும் இந்த இடம்தான் பிடிக்குமா?'

மார்ச் 26. பெட்டியைத் திறந்தேன். என் கேள்விக்குக் கீழே பென்சிலில் பதில். 'ஆமாம். ஆனால் மின்விசிறிச் சத்தத்தில் அவள் எண்ணுவது சரியாகக் கேட்கவில்லை.'

அவர்கள் வீட்டு மின்விசிறியும் கிரீச்சிடும் போல என்று நினைத்தேன். எழுத்து பாதி சிவப்பு, பாதி நீலம். என்னிடமும் ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலமாக ஒரு பென்சில் உண்டு. அந்தப் பென்சில் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

மறுபடியும் எழுதினேன். 'டேப்பில் பக்கத்து இருக்கை தெரியவில்லையே. தியேட்டரில் அது காலியாக இருந்தது.'

ஏப்ரல் 2. பதில் இருந்தது.

'காலி இல்லை.'

கீழே இன்னொரு வரி. 'அன்றைக்கு அழுதாயே. அழாதே.'

அந்த இடத்தில் எல்லோரும்தான் அழுவார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். அவளை இழக்க நான் தயாராக இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு நான்காவது தாளை வைத்தேன். 'உன் வீட்டு மிஷினில் படம் தெளிவாக வருமா? எங்கள் வீட்டுக்கு வா. சேர்ந்து பார்க்கலாம்.'

ஏப்ரல் 9, சனி. பிற்பகலில் இருந்தே இடி. மாலை 4.02க்கு வீடு இருட்டிவிட்டது. டேப்பைப் போட்டு பிளே அழுத்தினேன். சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தேன்.

'என்னிடம் மிஷின் இல்லை. உன் வீட்டில்தான் பார்க்கிறேன்.'

இரண்டு முறை படித்தேன். தாளைத் திருப்பினேன்.

'நீ வலது ஓரம். நான் இடது.'

நிமிர்ந்தேன். திரையில் அவள் விளக்கை அணைத்தாள்.

கறுப்பு.

ஒன்று... இரண்டு...

கண்ணாடியில் என் முகம். அதற்குப் பக்கத்தில்...

நான் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆறு... ஏழு...

பிரம்பு சோபா மெதுவாக நெறுநெறுத்தது. இடது பக்கம்.

பத்து... பதினொன்று.

மூடிய இமைக்குமேல் வெளிச்சம் பட்டது. விளக்கு எரிந்துவிட்டது. அவள் எண்ணி முடித்துவிட்டாள்.

என் காதருகில் தமிழில், மெல்ல...

"பன்னிரண்டு."

செருப்பில்லாமல் ஓடினேன். கடைச் சுவர்க் கடிகாரத்தில் 4.06. என் குரல் தானாக வந்தது.

"அக்கா, அந்த டேப்ப வேற யாரு எடுக்கிறாங்க?"

"அடடே, உனக்குப் பேச வருமா? வேற யாரு எடுப்பா அத? உன்னத் தவிர ஒருத்தர் தொடல."

அந்த டேப்பை எடுப்பவர்களின் மெம்பர் நம்பரை எழுதும் அட்டையை எடுத்துக் காட்டினார். ஆறு வரி. ஆறிலும் 214.

திங்கள் முதல் வெள்ளி வரை டேப் கடையிலேயேதான் இருந்திருக்கிறது. ஞாயிறு காலை மட்டும் நானும் அம்மாவும் தேவாலயத்தில் பூசைக்குப் போவோம். மூன்று மணி நேரம் எங்கள் வீடு காலியாக இருக்கும்.

காலி என்றுதான் நினைத்திருந்தோம்.

"இன்னைக்கு உன் ஃபிரண்டு எங்க?" என்றார் அக்கா. "உன் பின்னாடியே வந்து படிகிட்ட நிக்குமே. நீ உள்ள வந்தாலும் அது வராது. உனக்கு ஏத்த ஜோடிதான்."

அம்மா வரும்வரை கடையை விட்டு நகரவில்லை. அம்மாவிடம் வீட்டில் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மே மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பெரியம்மா வீட்டுப் பின்னறைக்குக் குடிபோனோம். மிஷினை விற்றாயிற்று. சிவப்பு நீலப் பென்சிலை இரண்டாக ஒடித்து, கிள்ளான் குப்பைத் தொட்டியில் என் கையால் போட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் எதுவும் நடக்கவில்லை. பேசாத நாட்கள் வந்தன. புள்ளிகள் வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், சாமான் வாங்க வந்த புஷ்பவல்லி அக்காவைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே உர்சுலா. உங்கம்மாதான் வந்து அட்ரஸ் குடுத்துட்டுப் போனாங்க. பாவம் உன் ஃபிரண்டு. நீ போன பிறகு மூணு சனிக்கிழம தனியா வந்து படிகிட்ட நின்னுச்சு. மனசு கேக்கல. ஜூன்ல அதுகிட்ட உன் அட்ரஸ்ஸக் குடுத்தேன்."

"பேசிச்சா?"

"எங்க பேசுது? உன்ன மாதிரிதான். சீட்டுல எழுதிக் கேட்டுச்சு. கையில ரெண்டு துண்டுப் பென்சில். ஒடஞ்சது. வந்துச்சா உன்னப் பாக்க?"

பாதியிலேயே திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்தேன். மணி 5.20. எழுதிய பக்கங்களைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. அன்று திருப்பினேன். மார்ச்... ஏப்ரல்... மே...

மூலையில் என் பேனாப் புள்ளிகள்.

ஜூன்.

ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி.

சிவப்பு... நீலம்... சிவப்பு...