மூன்றாவது வயல்

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில், தார்ச்சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஏழு வயல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வாய்க்காலிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் வயலில்தான் ராமாயி பன்னிரண்டு வயதில் முதல் நாற்றை நட்டாள். அதன்பின் முப்பது வருடம் அங்கே கூலிக்கு நட்டாள், களை பறித்தாள், அறுத்தாள். வடக்கு வரப்போரம் ஓரிடத்தில் சேறு முழங்கால்வரை இழுக்கும். அதைத் தாண்டினால் அடியில் மணல். உச்சி வெயிலிலும் பாதம் குளிரும். மூத்த மகளை வயிற்றில் சுமந்த வருடம் அங்கேதான் நிமிர்ந்து நின்று மூச்சு வாங்குவாள். நிலம் பண்ணையாருடையது. அப்படி ஓர் இடம் இருப்பது அவருக்குத் தெரியாது.

கூலி நெல் கேட்டுச் சண்டை நடந்த வருடம் பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். மற்றப் பெண்கள் அடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். ராமாயி வாய்க்கால் கரையில் நின்று, யாரோ அந்த வயலில் நடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. எழுபத்து மூன்றில், அந்த ஏழு வயல்களையும் நிலமில்லாத ஏழு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தாசில்தார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பாடுபட்ட வயலையே கேட்கலாம் என்றார். கணவர் இறந்துவிட்டதால் பட்டா ராமாயி பெயருக்கே வந்தது. எந்த வயல் என்று கேட்டார்.

"மூணாவதுங்க ஐயா" என்றாள். எழுதிக்கொண்டார். கைநாட்டு வைத்தாள்.

அளந்து கல் நட்ட அன்றுதான் விஷயம் தெரிந்தது. வரைபடத்தில் வயல்களைச் சாலையிலிருந்து, பண்ணையார் வீட்டுப் பக்கத்திலிருந்து எண்ணியிருந்தார்கள். ராமாயியின் தெரு வாய்க்காலுக்கு அக்கரையில். தினமும் அந்தப் பக்கமிருந்தே இறங்கியவளுக்கு, வேறு பக்கமிருந்தும் எண்ணலாம் என்று தோன்றியதே இல்லை. அவள் கேட்ட வயல் வரைபடத்தில் ஐந்தாவது. அது வீரையனுக்குப் போயிருந்தது.

மாற்றிக்கொள்ள வீரையன் சம்மதித்தான். ராமாயிக்கு வந்ததுதான் நல்ல மண், சாலைக்கும் பக்கம். "யாராவது கேட்டா ஒனக்குப் பைத்தியம்பாங்க யக்கா" என்று சிரித்தான். ஆனால் அரசு கொடுத்த நிலத்தைப் பத்து வருடத்துக்குக் கைமாற்றக் கூடாது, வாய்ப்பேச்சாக மாற்றினாலும் பட்டா ரத்தாகிவிடும் என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

புரட்டாசியில் வீரையனின் மனைவி வேம்பு, நடவுக்கு ஆள் சொல்ல வீடு வீடாகப் போனாள். ராமாயி வீட்டு வாசலில் நிற்கவில்லை. ராமாயி அவள் பின்னாலேயே போய்த் தெருமுனையில் பிடித்தாள்.

"என்னைய ஏன் கூப்புடல?"

"நீ இப்ப பட்டாக்காரி யக்கா. ஒன்னயப் போயிக் கூலிக்குக் கூப்புட்டா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கூலி வேணாம். எறங்க எடம் குடு."

"ஒன் நாத்து முத்திக்கிட்டு நிக்கிது."

"என் வயலு எங்க போயிரப் போவுது வேம்பு?"

வேம்பு காலையில் சீக்கிரம் வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மற்றவர்கள் கஞ்சி குடிக்கக் கரையேறியபோதும் ராமாயி ஏறவில்லை. பொழுது சாய்வதற்குள் வயல் நட்டு முடிந்துவிட்டது. வேம்பு அளந்து வைத்த நெல்லைத் தொடாமல் ராமாயி தன் வீட்டுக்குப் போனாள்.

அதற்கு அடுத்த நாள் தன் வயலில் இறங்கினாள். இரண்டு வரப்புக்கு அப்பால், முந்தின நாள் நட்ட நாற்று தண்ணீரில் துவண்டு நின்றது. அது வேர் பிடிக்கும்வரை யாரும் அதில் கால் வைக்க முடியாது. களையெடுப்புக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.