கெட்டிமேளத்துக்கு ஒரு பூட்டு

போன வாரம் நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு கல்யாணம். நாதஸ்வரம் கிடையாது. தேயிலை விலை படுத்ததிலிருந்து எங்கள் மலைக் கல்யாணங்களில் முதல் ஆளாக வேலையிழந்தவர் நாதஸ்வரக்காரர்தான்.

"கவலைய விடுங்க ராமையா, என்கிட்ட எம்.பி.த்ரீ பிளேயர் இருக்கு!" என்று பெண்ணின் அப்பாவிடம் பெருந்தன்மையாகச் சொன்னது யார்? அடியேன்தான். சிங்கப்பூர் மச்சான் கொடுத்த தீப்பெட்டி சைஸ் அதிசயம். என் பேச்சை நம்பி, மைக் செட்காரரும் தன் கேசட்டுகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

குளிரில் பேட்டரி படுத்துவிடுமாமே... ஊட்டியிலிருந்து பஸ்ஸில் போகும்போது ஸ்வெட்டருக்குள் திணித்து, பச்சைக் குழந்தையைப் போலப் பொத்திக்கொண்டு போனேன்.

மாரியம்மன் கோவில். மாப்பிள்ளை கையில் தாலி. பிளேயரின் ஒயர் மைக் செட்டில். பூசாரி கையை உயர்த்தி, "கெட்டிமேளம்!" என்றார்.

அமுக்கினேன். சத்தமே இல்லை.

மறுபடி அமுக்கினேன். ப்ளே, ஸ்டாப், வால்யூம் — ஒரு பட்டனும் என்னை மதிக்கவில்லை.

"ஈரம் எறங்கியிருக்குமுங்க" என்றார் மைக் செட்காரர். நீலகிரியில் உப்பு கரைந்தாலும் ஈரம், கதவு இறுகினாலும் ஈரம், மாமியார் முறைத்தாலும் ஈரம்! உடனே வைத்தியம் ஆரம்பித்தது. ஒருவர் பிளேயரைக் கற்பூரத் தட்டில் காட்டினார். ஒருவர் கம்பளியில் வைத்துத் தேய்த்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா வாயால் ஊதி, இல்லாத ஈரத்தையும் சேர்த்தார்.

"முகூர்த்தம் போகுது சாமி!" என்று பூசாரி பதறினார்.

மேளம் இல்லாமல் கட்டினால்தான் என்ன? மாப்பிள்ளையின் அம்மா ஒப்பவில்லை. "சத்தமில்லாம தாலி கட்ட இதென்ன திருட்டுக் கல்யாணமா?" என்றார். ராமையாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் மைக் செட்காரர் சின்னத் திரையை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, பூட்டுப் படம் வருதுங்களே!"

எட்டிப் பார்த்தோம். ஆமாம், பூட்டு.

அவ்வளவுதான், வைத்தியமெல்லாம் நின்றுபோனது. "பூட்டிட்டாங்களா..." என்றார் ஒருவர், துக்கம் விசாரிக்கிற குரலில். பூட்டு என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா? தேயிலை ஃபேக்டரி கேட்டில் ஒருநாள் தொங்கும். யூனியன் தலைவர்கள் வருவார்கள், பேசுவார்கள், டீ குடிப்பார்கள், போவார்கள். பூட்டு அப்படியே இருக்கும். மற்ற ஊர்களில் பூட்டைப் பார்த்தால் சாவி தேடுவார்களாம். நாங்கள் வீட்டுக்குக் கிளம்புவோம்.

ராமையா சிலோனிலிருந்து வந்த குடும்பம். "இனி ஒண்ணும் செய்ய ஏலாது சார். வேற முகூர்த்தம் பார்ப்பம்" என்று — என்னைத் தேற்றினார்!

பொறுக்காதவள் மணப்பெண் செல்விதான். ஃபேக்டரி மூடியதும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன பெண். குனிந்த தலை சட்டென்று நிமிர்ந்தது.

"பூட்டு இருந்தா தொறக்கறதுக்கும் ஏதாச்சும் இருக்கும்ல? இங்க குடுங்க சார்!"

மருதாணி விரலால் பிளேயரின் ஓரமெல்லாம் தடவினாள். பக்கவாட்டில் கடுகளவு ஒரு சுவிட்ச், அருகே 'ஹோல்டு' என்று எழுத்து. என் ஸ்வெட்டர் பாசத்தில் அது நகர்ந்து, பட்டன்களையெல்லாம் பூட்டிவிட்டிருக்கிறது. நகத்தால் தள்ளிவிட்டு ப்ளேயை அமுக்கினாள்.

ஸ்பீக்கர் அலறியது. தாலி ஏறியது. ராமையா தேம்பித் தேம்பி அழுதார், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பந்தியில் செல்வியிடம் கேட்டேன். "உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

"உங்களுக்கெல்லாம் ஏன் சார் தோணல?"

பூட்டில் கை வைக்கலாம் என்று தோன்றவே, முதலில் இந்த மலையை விட்டு இறங்கிப் போக வேண்டும் போலிருக்கிறது!