சூளைக் கதையும் ஒரு ஜோடி கொலுசும்

விருதுநகர் பக்கம் போய் வந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. தென்மாவட்டத்துச் சின்னச் சின்ன ஆலயங்களைப் பற்றி நான் இங்கே எழுதுவதைப் படித்துவிட்டு அதே வழியில் கிளம்புகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று பின்னூட்டங்களிலிருந்து தெரிகிறது. உங்களுக்காகவாவது எழுதிவிட வேண்டும். பழைய கட்டிடம், வண்ணக் கண்ணாடி என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். இந்த முறை பார்த்த ஆலயத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

போனதற்குக் காரணம் ஜெயசீலி. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். அவள் கணவர் ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு சிறிய சபைக்குப் போதகர். ஜூலை கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்களுக்குத் தனிக் கூட்டம் இருக்கிறது, விசுவாசத்தையும் நம்பிக்கையையும் பற்றி வேதத்திலிருந்து ஒரு கதை சொல், அரை மணி நேரம் போதும் என்றாள். இருபது வருடமாக ஆலயத்து ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் போன வருடம் என் கணவர் இறந்ததிலிருந்து, நான் சொல்லும் கதைகளில் என் குரல் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் வேதத்தில் வரும் யோபுவைப் பற்றிச் சொன்னார்கள். இழந்ததெல்லாம் அவருக்குத் திரும்பக் கிடைத்ததாம். ஆடுமாடு கிடைத்தது. வேறு பிள்ளைகளும் பிறந்தார்கள். செத்துப்போன முதல் பிள்ளைகள் திரும்பி வந்தார்களா என்று நான் யாரையும் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

திருச்சியில் சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு ரயில் ஏறினேன். விருதுநகர் சந்திப்பில் இறங்கும்போது மூன்றேகால். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கலாம், ஆனால் வழியில் மிளகாய் வத்தல் கிடங்குகள் இருக்கின்றன. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டும் மூன்று முறை தும்மினேன். மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் தும்மவில்லை. பொரிச்ச பரோட்டா சாப்பிடாமல் வராதே என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு இந்த ஒரு வருடமாகவே சாப்பாட்டின் ருசி சரியாகத் தெரிவதில்லை, அதனால் என் சாட்சியை நம்ப வேண்டாம்.

ஐந்து மணிக்குச் சிவகாசி பஸ். மொத்தம் இருபத்தெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஆமத்தூர் தாண்டியதும் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை முடிந்த பெண்கள் கும்பலாக ஏறினார்கள். முழங்கை வரை வெள்ளிச் சாம்பல் நிறம். அலுமினியப் பவுடர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தீபாவளி முடிந்துதான் போகுமாம். என் பக்கத்தில் நின்றவள் பிடித்திருந்த கம்பியை அவள் இறங்கியதும் நான் பிடித்தேன். அந்த நிறம் என் உள்ளங்கையிலும் ஒட்டிக்கொண்டது.

சாலையின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு. நடுநடுவே வேலி போட்ட பொட்டல்களில் பட்டாசு செய்யும் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று நெருங்காமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஏதோ கல்லறைத் தோட்டம் போலத் தோன்றும்.

இறங்கிய நிறுத்தத்திலிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் கம்பெனி பார்க்க வந்தீர்களா, கோயிலுக்கா என்று விசாரித்தார். சர்ச்சில் பேச வந்திருக்கிறேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சீசன் நேரம். ஞாயித்துக்கிழமைதான் உக்காருவாக. நீங்க பேசுறப்ப தூங்குனா தப்பா எடுத்துக்கிறாதீக.”

அன்று இரவு சாப்பிடும்போது ஜெயசீலி விவரம் சொன்னாள். வைகாசியில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் விபத்து. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது இங்கே விதி. வெடித்த அறையின் நான்கு பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். ஒருத்தி ராக்கேல், இந்தச் சபைப் பெண், இருபத்தொரு வயது. அவள் அம்மா ஞானம்மா ஞாயிறு தவறாமல் வருகிறார். பாயில் உட்காருகிறார். பாடுவதில்லை, ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதும் இல்லை.

நான்காவது பெண் பாண்டீஸ்வரி. இந்துக் குடும்பம். ராக்கேலோடு ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவள். வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் கொலுசு, ஹேர்பின் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உலோகம் உரசிப் பொறி பட்டால் போதும். செருப்பும் கூடாது, நைலக்ஸ் சேலையும் கூடாது. அன்றைக்கு அவள் மறதியாகக் கொலுசோடு வந்துவிட்டாள். போர்மேன் திட்டி, கேட்டில் கழற்றிக் கொடுத்துவிட்டு வா என்று விரட்டியிருக்கிறார். கேட்டில் அவள் குனிந்து திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தபோது வெடித்தது. அதன்பின் அவள் வேலைக்குப் போகவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால்கூட ஞானம்மா வீட்டுத் தெருவை விட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறாளாம். ஞானம்மாவும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

“அந்த அம்மாவுக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டேன்டி,” என்றாள் ஜெயசீலி.

எந்தக் கதை சொல்லப் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. நான் தயாரித்து வந்திருந்தது சூளைக் கதை. தன் பொற்சிலையை வணங்க மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று பேரை ராஜா எரிகிற சூளைக்குள் போடுகிறான். எட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு பேர் உலாவுகிறார்கள். நான்காவது, தேவன் அனுப்பியவர். விபத்தைப் பற்றிக் கேட்ட பிறகாவது நான் கதையை மாற்றியிருக்கலாம். எனக்கோ அது இன்னும் பொருத்தமாகப் பட்டது. நெருப்புக்குள்ளும் கர்த்தர் கூட இருந்தார் என்று அந்தத் தாயிடம் சொல்ல வேண்டாமா?

ஞாயிறு பதினொன்றரைக்குக் கூட்டம் தொடங்கியது. முப்பது பெண்கள் இருக்கும். ஓட்டுநர் சொன்னபடி இரண்டு பேர் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார்கள். ஞானம்மாவை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில், கைகளை மடியில் கவிழ்த்து வைத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புகள் கிடக்கும் இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்துக் குசுகுசுத்ததிலிருந்து அது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சூளையை வழக்கத்தைவிட ஏழு மடங்கு சூடாக்கினார்கள் என்ற இடத்துக்கு வந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இடத்தில் கையை விரித்துக் காட்டுவேன். கை பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது. அப்போதுதான் முகங்களைக் கவனித்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். தூங்கிய இருவரும் விழித்திருந்தார்கள். கையை இறக்கிக் கதையை நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்திட்டீக? சொல்லுங்க டீச்சர்,” என்றார் ஞானம்மா. சத்தமில்லாத குரல். “உள்ள போன மூணு பேரும் வெளிய வந்தாகளா?”

“வந்தாங்கம்மா. உள்ள அவங்களோட நாலாவதா ஒருத்தர் இருந்தார்.”

“முடிகூடக் கருகலைல்ல?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“எம்மகளுக்கு இடுப்பு வரைக்கும் முடி,” என்றார்.

தயாரித்து வைத்திருந்த எதுவும் அந்த இடத்தில் உதவவில்லை. கதையின் முன்பகுதியில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. சூளைக்குள் போடும் முன்பு அந்த மூன்று பேரும் ராஜாவிடம் சொன்ன பதில். எங்கள் தேவன் காப்பாற்ற வல்லவர், காப்பாற்றாமலே போனாலும் உன் சிலையை நாங்கள் வணங்க மாட்டோம் என்றார்கள். வெளியே வருவோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இதைத் திக்கித் திணறிச் சொன்னேன். ஞானம்மா மடியில் கவிழ்ந்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா என்றும் தெரியவில்லை.

வாசலிலிருந்து பாண்டீஸ்வரி பேசினாள். “அந்த நாலாவது ஆளு உள்ள இருந்ததுனாலதான மத்த மூணு பேரும் பிழைச்சாக?”

ஆமாம் என்பதுதான் கதையில் இருக்கிற பதில். அதைச் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“எங்க ரூமுல நாலாவது ஆளு நாந்தான். நாந்தான் உள்ள இல்ல.”

ஞானம்மா இரண்டு மாதத்தில் முதல்முறையாக அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தார்.

“நீ என்ன சாமியா? நீ உள்ள இருந்தா நாலு பெட்டி வந்திருக்கும். அம்புட்டுத்தான்.” பிறகு பாயில் தன் பக்கத்தைத் தட்டினார். “இங்கன வா.”

பாண்டீஸ்வரி வந்து உட்கார்ந்தாள். ஞானம்மா அவளிடம்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“ரெண்டு பேரும் அம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்கு ஒரே கடையில ஒரே மாதிரி கொலுசு எடுத்தீக. அன்னைக்கு உன் வீட்டுல ஒருத்தரும் ஞாபகப்படுத்தலை. நான் ஞாபகப்படுத்துனேன் பாண்டி. எம்மக படி இறங்கிட்டா. கூப்பிட்டு, கொலுசைக் கழட்டி வச்சிட்டுப் போன்னேன். கழட்டி எங் கையில குடுத்துட்டுப் போனா. நான் சொல்லலைன்னா அவளும் உங்கூட கேட்டுல நின்னிருப்பா. உன்னையப் பார்த்தா அதுதான் ஞாபகம் வருது. உம்மேல கோவம்னா நினைச்ச?”

பாண்டீஸ்வரி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை ஞானம்மா காத்திருந்தார். அவருக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. இத்தனை நாள் அதைக் கேட்கத்தான் அஞ்சியிருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

“உன்னைய வெளிய விரட்டுனப்ப எம்மக என்ன செஞ்சா?”

“சிரிச்சா பெரியம்மா.”

“என்னன்னு சிரிச்சா?”

“மகாராணி சலங்கை கட்டிட்டு வந்திருக்கா, இனி வெடியெல்லாம் எந்திரிச்சு ஆடப்போகுதுன்னா. போர்மேனே சிரிச்சிட்டாரு. நான் கேட்டுக்குப் போற வரைக்கும் அவ சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.”

“சிரிச்சுக்கிட்டா இருந்தா?”

“ஆமா.”

“இன்னொருக்கா சொல்லு,” என்றார் ஞானம்மா.

என் அரை மணி நேரம் அத்தோடு முடிந்தது. ஜெயசீலி எழுந்து சின்னதாக ஒரு ஜெபம் செய்தாள். பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்கள் இருவரும் மட்டும் பாயிலேயே இருந்தார்கள்.

திரும்பும்போது அதே ஆட்டோ. தூங்கினார்களா என்று கேட்டார் ஓட்டுநர். இல்லை என்றேன்.

“அப்ப நல்லாத்தான் பேசியிருக்கீக.”

நான் பேசவே இல்லை என்று சொல்ல நினைத்து, விட்டுவிட்டேன். வேலிக்குள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பூட்டிக் கிடந்த அறைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கதையில் ராஜா கூப்பிட்டதும் சூளையிலிருந்து வெளியே வந்தவர்கள் மூன்று பேர். நான்காவது ஆள் எங்கே போனார் என்று கதை சொல்வதில்லை. இருபது வருடம் சொல்லியும் இதை நான் யோசித்ததில்லை. உள்ளேயே இருந்துவிட்டாரோ என்னவோ. வெளியே வர முடியாதவர்களுக்காக யாராவது இருக்க வேண்டும் அல்லவா? இதை விசுவாசம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அப்படி இருந்தால் தேவலை என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆடியிலிருந்து தீபாவளி வரை ஞாயிறு தவிர மற்ற நாளில் ஊரில் ஆளைப் பார்ப்பது கஷ்டம். காலை ஆராதனையைப் பிடிக்க வேண்டுமானால் சனிக்கிழமையே போய்விடுங்கள். ஊருக்குள் தங்க இடமில்லை, விருதுநகரில் இருநூறு ரூபாய்க்குச் சுமாரான அறை கிடைக்கிறது. திரும்பும்போது சிவகாசியில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். தண்ணீர் கையில் இருக்கட்டும். கம்பெனிக்குள்ளே பார்க்க முடியுமா என்று தயவுசெய்து யாரையும் கேட்காதீர்கள். கதை சொல்லப் போகிறவர்களாக இருந்தால், சூளைக் கதையை அந்த மூன்று பேர் ராஜாவிடம் சொன்ன பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போகும்போது அவர்களுக்குத் தெரிந்ததும் அதுவரைதான்.

போன வாரம் ஜெயசீலி போன் செய்தாள். பாண்டீஸ்வரி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் தாள் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். அங்கே கொலுசு போட்டுக்கொள்ளத் தடையில்லை, ஆனால் அவள் போடுவதில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் இப்போது சுற்றிக்கொண்டு போவதில்லையாம். நேரே ஞானம்மா வீட்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போகிறாள்.

தினமும் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.

“அதையேதான்,” என்றாள் ஜெயசீலி.